தொலைவிலுள்ள கோப்பு, பக்கத்திலுள்ள நகல்: ஐபிஎம் ஸ்டோரேஜ் ஸ்கேலின் ஏஎஃப்எம்

ஆக்டிவ் ஃபைல் மேனேஜ்மென்ட், சுருக்கமாக ஏஎஃப்எம், ஐபிஎம் ஸ்டோரேஜ் ஸ்கேல் என்னும் கிளஸ்டர் (ஒன்றாக இயங்கும் கணினிகளின் தொகுப்பு) கோப்பு அமைப்பின் ஓர் அங்கம். தொலைவிலுள்ள கிளஸ்டரின் கோப்புகளை, கேட்கும்போது கொண்டுவந்து உள்ளூர் கிளஸ்டரில் நகலாக வைத்திருப்பது இதன் வேலை. தாய் மென்பொருளான ஸ்டோரேஜ் ஸ்கேல் 1998இல் ஜிபிஎஃப்எஸ் என்ற பெயரில் வெளிவந்தது. பனாஷ் என்ற பெயரில் ஐபிஎம் ஆய்வாளர்கள் 2010இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட வடிவமைப்பே, 2012இல் ஜிபிஎஃப்எஸ் 3.5 பதிப்பில் ஏஎஃப்எம் ஆனது.

மூலக் கோப்புகள் இருக்கும் கிளஸ்டர் ‘ஹோம்’. நகல் இருப்பது ‘கேஷ்’. இரண்டையும் இணைப்பது கேஷ் பக்கத்திலுள்ள கேட்வே கணு (நுழைவாயிலாகச் செயல்படும் கணினி). என்எஃப்எஸ் என்னும் கோப்புப் பகிர்வு நெறிமுறை வழியாகவோ ஸ்டோரேஜ் ஸ்கேலின் சொந்த நெறிமுறை வழியாகவோ அது ஹோமுடன் பேசும். பயனர்களின் மென்பொருளுக்கு இந்த ஏற்பாடு தெரியாது. அது காண்பது வழக்கமான கோப்புறையைத்தான்.

சைபர்ஜெயாவில் ஹோம், மலாக்கா மாநிலத்துப் பெம்பானில் கேஷ் என்று வைத்துக்கொண்டால் செயல்முறை விளங்கும். செம்பனைத் தோட்டத்தை ட்ரோன் எடுத்த 100 ஜிபி படக்கோப்பு சைபர்ஜெயாவில் இருக்கிறது. பெம்பானில் கோப்புறையைத் திறந்ததும் பெயர், அளவு, தேதி ஆகியவை மட்டும் வரும். கோப்பைப் படிக்கத் தொடங்கியபின்தான் உள்ளடக்கம் வரும். 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் அதற்கு 8,000 விநாடி, அதாவது ஏறக்குறைய இரண்டேகால் மணிநேரம் ஆகும். மறுநாள் திறந்தால் உள்ளூர் வட்டின் வேகத்திலேயே கிடைக்கும். முதல் காத்திருப்பும் வேண்டாமெனில், ப்ரீஃபெட்ச் கட்டளையால் இரவிலேயே வரவழைத்துவிடலாம்.

நகல் பழையதாகிவிட்டதா என்பதை ஏஎஃப்எம் இடைவெளிவிட்டுச் சரிபார்க்கும். கோப்புக்கு 30 விநாடி, கோப்புறைக்கு 60 விநாடி என்பது இயல்பு அமைப்பு. அந்த இடைவெளிக்குள் ஹோமில் நடந்த மாற்றம் கேஷில் தெரியாமல் போகலாம்.

எழுதும்போது பயனர் காத்திருக்க வேண்டியதில்லை. மாற்றம் முதலில் உள்ளூர் வட்டில் பதிவாகிறது. கேட்வேயின் வரிசையில் சேர்ந்து, இயல்பாக 15 விநாடி கழித்து ஹோமுக்குப் புறப்படுகிறது. உருவாக்கிய உடனே அழித்த தற்காலிகக் கோப்பு போன்றவை வரிசையிலேயே நீங்கிவிடுவதால் இணைப்பின் சுமை குறைகிறது. வரிசை கேட்வேயின் நினைவகத்தில்தான் இருக்கிறது. மின்தடையில் அது அழிந்தாலும், அனுப்பப்படாத கோப்புகளின் அடையாளம் வட்டில் இருப்பதால், அவற்றைத் தேடி வரிசையை மறுபடியும் கட்டிவிட முடியும். இந்த வடிவமைப்பின் மிகச் சிறந்த பகுதி இதுவே.

முக்கியமான பயன்பாட்டு முறைகள் நான்கு. ரீட் ஒன்லியில் படிக்க மட்டுமே முடியும். லோக்கல் அப்டேட்டில் மாற்றலாம், மாற்றம் ஹோமுக்குப் போகாது. சிங்கிள் ரைட்டரில் ஒரே கேஷ் எழுதும்; அங்கே ஹோமை யாரும் தொடக்கூடாது, ஏனெனில் இந்த முறையில் மட்டும் ஏஎஃப்எம் ஹோமின் மாற்றங்களைப் பார்ப்பதே இல்லை. இண்டிபெண்டன்ட் ரைட்டரில் பல கேஷ்கள் ஒரே ஹோமுக்கு எழுதலாம்.

இணைப்பு அறுந்தாலும் ஏற்கெனவே வந்துசேர்ந்த கோப்புகளைப் படிக்கலாம். எழுதும் முறைகளில் எழுதவும் செய்யலாம், மாற்றங்கள் பின்னர் போய்ச் சேரும். வராத கோப்பு மட்டும் திறக்காது. கேஷில் சேர்ந்த கோப்புகள் அதற்கு ஒதுக்கிய இடத்தின் மென்வரம்பைத் (சாஃப்ட் கோட்டா) தாண்டினால், ஹோமுடன் ஒத்திருக்கும் கோப்புகளின் உள்ளடக்கத்தை ஏஎஃப்எம் நீக்கும்; அனுப்பப்படாத மாற்றங்களைத் தொடாது.

குறைகளும் உண்டு. கேஷ்களுக்கிடையே கோப்புப் பூட்டு இல்லை. இருவர் ஒரே கோப்பைத் திருத்தினால், கடைசியாகப் போய்ச் சேர்ந்ததே நிற்கும், மற்றவரின் உழைப்பு வீணாகும். சின்னஞ்சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் ஹோமுக்குப் போய்வர வேண்டியிருப்பதால் வேகம் படுத்துவிடும். காப்புப் பிரதியாகவும் இதை நம்பக்கூடாது: எழுதும் முறைகளில் கேஷில் தவறுதலாக அழித்த கோப்பு ஹோமிலும் அழிந்துபோகும்.

பெரிய கோப்புகளைத் திரும்பத் திரும்பப் படிக்கும் கிளைகளுக்கு ஏஎஃப்எம் மிகப் பொருத்தமானது. ஒரே கோப்பைப் பல ஊர்களிலிருந்து ஒரே நேரத்தில் திருத்துவோருக்கு இது ஏற்றதல்ல. எந்தக் கோப்பை யார் எழுதுவார் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், முறையைத் தேர்ந்தெடுப்பது எளிது.