தொப்பி போட்ட பூனை

குழந்தைப் புத்தகத்தைப் பெரியவர்கள் இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். வாங்கிக் கொடுக்குமுன் பரிசோதனைக்காகப் படிப்பது ஒன்று. குழந்தை தூங்கின பிறகு, யாரும் பார்க்காதபோது, தனக்காகவே படிப்பது மற்றொன்று. டாக்டர் சூஸ் எழுதிப் படமும் போட்ட 'தி கேட் இன் தி ஹேட்' என்ற புத்தகத்தை நான் இரண்டாவது விதத்தில் நாலைந்து தடவை படித்திருக்கிறேன். இதைப் பற்றி எழுத எனக்குள்ள தகுதி அவ்வளவுதான்.

கதை அதிகமில்லை. மழை பெய்கிறது. அம்மா வெளியே போயிருக்கிறாள். ஒரு பையனும் ஸாலி என்ற பெண்ணும் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். சிவப்பும் வெள்ளையுமாக வரி போட்ட உயரமான தொப்பியோடு ஒரு பூனை, அழைக்காமலே உள்ளே வருகிறது. பந்தின் மேல் ஏறி நின்று கிண்ணம், கேக், பால், பொம்மைக் கப்பல், மீன் தொட்டி எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஏந்தி வித்தை காட்டுகிறது. எல்லாம் விழுகிறது. அதோடு விட்டதா? பெரிய சிவப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, நீலத் தலைமயிரோடு இரண்டு ஜந்துக்களைத் திறந்துவிடுகிறது. அவை கூடத்துக்குள்ளேயே காற்றாடி விடுகின்றன. தொட்டியிலிருந்த மீன் மட்டும், இதெல்லாம் தகாது, அம்மா வந்தால் என்ன ஆகும் என்று ஆரம்பத்திலிருந்தே கத்திக்கொண்டிருக்கிறது.

இத்தனை விஷமத்துக்கும் பின்னால் ஒரு பள்ளிக்கூடத் தகராறு உண்டு. அமெரிக்கக் குழந்தைகள் வாசிக்கத் தடுமாறுகிறார்கள். அவர்களுடைய பாடப் புத்தகங்களில் வரும் உப்புச்சப்பில்லாத சமத்துக் குழந்தைகளும் அதற்கு ஒரு காரணம் என்று நாவலாசிரியர் ஜான் ஹெர்ஸி 1954-ல் 'லைஃப்' பத்திரிகையில் எழுதினார். அதையொட்டி வில்லியம் ஸ்பால்டிங் என்ற பிரசுரகர்த்தர், தியோடர் கைஸலிடம் (டாக்டர் சூஸின் சொந்தப் பெயர்) ஒரு சொற்பட்டியலைக் கொடுத்து, முதல் வகுப்புக் குழந்தை கீழே வைக்க முடியாத கதையாக ஒன்று அதற்குள் எழுதச் சொன்னார். 1957-ல் புத்தகம் வெளிவந்தபோது அதிலிருந்த வெவ்வேறு சொற்கள் 236தான்.

தமிழில் இதைச் செய்து பார்க்கலாமே என்று யாருக்கும் ஆசை வரும். பூனை, பூனையை, பூனைக்கு, பூனையோடு: இது ஒரு சொல்லா, நாலு சொல்லா? முதலிலேயே கணக்கு இடிக்கிறது. தவிர, நம் குழந்தை எழுத்துத் தெரிந்துவிட்டால் எந்தச் சொல்லையும் கூட்டி வாசித்துவிடும். இங்கிலீஷில் எழுத்து ஒன்றாகவும் ஒலி ஒன்றாகவும் இருப்பதால், அங்கே குழந்தை பல சொற்களை முகம் பார்த்தே அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பட்டியல் நமக்கு வேண்டாம். பூனை வேண்டும்.

பூனை நமக்குப் புதிதில்லை. மாமல்லபுரத்துப் பாறையில், பெரிய யானைகளின் காலடியில், முன்கால்களைத் தூக்கித் தவசி போல நிற்கிறதே, சுற்றி எலிகள் கும்பிட? ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி ஒருவன் அத்தனை பெரிய தபசுக்கு நடுவில் இப்படி ஒரு விஷமத்துக்கு இடம் கண்டுபிடித்திருக்கிறான். தேரழுந்தூர்க் கம்பனோ, ராம கதையைச் சொல்ல வந்த தன்னையே பாற்கடலை முழுக்க நக்கிவிடப் புறப்பட்ட பூனையாகச் சொல்லிக்கொண்டான். விஷமமும் புதிதில்லை. ஆண்பால் பிள்ளைத்தமிழில், சிறுமிகள் கட்டின மணல் வீட்டைக் காலால் சிதைப்பதற்கென்றே ஒரு பருவம் ஒதுக்கியிருக்கிறது. வெண்ணெய் திருடினவனைப் பற்றி ஆய்ச்சியர் யசோதையிடம் சொல்லும் புகார்களைப் பெரியாழ்வார் எவ்வளவு ருசித்துப் பாடியிருக்கிறார்!

ஆனால் நிஜக் குழந்தைக்கு என்று கதை எழுதும்போது கை சுருங்கிப் போகிறது. தெனாலிராமன் கதையில் வாய் வெந்த பூனையைத்தான் குழந்தைகளுக்குக் கொடுத்தோம். அழ. வள்ளியப்பா போன்றவர்கள் விலக்கு. சூஸின் கதையில் மீன் சொல்வது முழுக்க நியாயம்; சூஸும் அப்படித்தான் நினைக்கிறார். ஆனாலும் கதையை அவர் மீனிடம் ஒப்படைக்கவில்லை. நம் குழந்தைக் கதாசிரியர்களில் பலர், எழுத உட்கார்ந்ததும் பேனாவை மீனிடம் கொடுத்துவிடுகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஸாலி புத்தகம் முழுவதும் வாயைத் திறப்பதே இல்லை. அந்தப் பெண்ணை எதற்குக் கொண்டுவந்தார் என்று தெரியவில்லை. அம்மாவின் கால் வாசலில் தெரிகிற சமயத்தில் பூனை ஒரு யந்திரத்தில் ஏறிவந்து எல்லாவற்றையும் எடுத்து அந்தந்த இடத்தில் வைத்துவிட்டுப் போகிறது. நாவல் எழுதுகிறவனுக்கு இந்தச் சௌகரியம் உறுத்துகிறது. கடைசிப் பக்கம் இல்லாவிட்டால் கோபமே வந்திருக்கும். அம்மா உள்ளே வந்து, என்ன செய்தீர்கள் என்று கேட்கிறாள். சொல்வதா வேண்டாமா என்று பையனுக்குத் தெரியவில்லை. உன் அம்மா கேட்டால் நீ என்ன செய்வாய் என்று படிக்கிற குழந்தையையே கேட்டுவிட்டுக் கதை நின்றுவிடுகிறது. சாமான்கள் இடத்துக்கு வந்துவிட்டன. ரகசியம் மட்டும் வெளியிலேயே கிடக்கிறது.

பொய் சொல்லப் பழக்குகிறது இது என்று உபாத்தியாயராக இருக்கும் நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொல் என்றோ சொல்லாதே என்றோ கட்டளையிட்டிருந்தால் குழந்தை யோசிக்கவே யோசித்திராது.

போன ஐப்பசியில் குடவாசலில் என் தங்கை வீட்டில் நாலு நாள் அடைமழை. தங்கை பெண்ணுக்கு ஏழு வயசு. இங்கிலீஷ் வரிகளை அப்படியப்படியே தமிழாக்கிச் சொல்லிக்கொண்டு வந்தேன். "ஸாலி அக்காவா, தங்கையா?" என்று முதல் கேள்வியே தடுக்கிற்று. புத்தகத்தில் அது இல்லை. தமிழில் சொல்லாமல் தீராது. தங்கை என்று வைத்தேன். ஓசை நயமெல்லாம் என் தமிழில் போய்விட்டது. அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை. படத்தில் உறியை நோக்கித் தாவுகிற எங்கள் ஊர்ப் பூனையைப் பார்த்துவிட்டாள். கடைசிக் கேள்விக்கு வந்தபோது, "நீ என்ன செய்வாய்?" என்று நானும் கேட்டேன். வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, பூனை மழையிலேதானே வந்தது? தரையெல்லாம் கால் ஈரம் இருக்குமே, அம்மா பாத்துடமாட்டாளா?"

புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து புரட்ட ஆரம்பித்தோம்.