மந்திரத்துக்குக் கூலி யார் கொடுப்பது?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து மாயாஜாலக் கதை விளையாட்டு ஆடுகிறவர்கள், விதிப்புத்தகத்தைக் கையில் எடுத்ததும் எந்த மந்திரம் எத்தனை பேரைச் சாய்க்கும் என்றுதான் தேடுவார்கள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மந்திரம் யாருக்குக் கைவரும், அதற்கு அவர் எதை இழக்கணும் என்று முதலில் பாருங்கள். கதை நடக்கும் ஊரின் பிழைப்பு அதில் தெரிந்தால் நல்ல விதி.

1974-ல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் மந்திரவாதி ஏட்டைப் படித்து மந்திரத்தை மனதில் ஏற்றிக்கொள்கிறார். ஏவியதும் அது அழிந்துவிடும். எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் இதே கதிதான். 1978-ல் வந்த ‘ரூன்குவெஸ்ட்’ வேறு ரகம். எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறீர்களோ அது தருவதுதான் உங்கள் மந்திரம். பெரிய வரம் வேண்டுமா, உங்கள் ஆன்ம பலத்தில் ஒரு பங்கு போனது போனதுதான். குலதெய்வமும் நேர்த்திக்கடனும் அறிந்த நமக்கு இதில் ருசி அதிகம்.

நம் பக்கத்தில் பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ (2024) படம் இருக்கிறது. கோலார் தங்கவயல் கதை. தங்கத்தைக் காக்கும் ஆரத்தி, வட ஆற்காட்டுக்காரனான தங்கலானுக்குக் கனவிலும் முன்னோர் கதையிலும் வருகிறாள். அவனைக் கூட்டிவந்த கிளெமென்ட் துரைக்கோ தங்கம் வெறும் கனிமம். ஒரே மண்ணில் இரண்டு விதிகள். படத்தின் பிற்பாதியில் ஆரத்தியால் எது முடியும், எது முடியாது என்பது குழம்புகிறது. விளையாட்டாக இருந்தால் மேசையில் சண்டையே வந்திருக்கும்.

அதே தங்கவயலை வைத்து நாமே ஒரு விதி செய்து பார்க்கலாம். 1802-ல் வாரன் என்ற ஆங்கிலேய அதிகாரி தங்கம் தேடி வந்தபோது, ஊர்க்காரர்கள் வண்டியில் மண் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே கழுவிப் பொன்துகள் எடுத்துக் காட்டினார்கள். அந்தக் காலத்துக்கு மந்திரம் வைப்பதென்றால் அது கைப்பழக்கமாக இருக்கணும்: தண்ணீர், பொறுமை, மண்ணின் நிறம் பார்க்கும் கண். 1880-க்குப் பிறகு ஜான் டெய்லர் கம்பெனி வந்தது, குழி இறங்கியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். துளை போடும்போது பறக்கும் கல்தூசி நுரையீரலில் படிந்து, ஆளை இளைப்பில் தள்ளும்.

ஆகவே என் பாத்திரம் ‘கல் கேட்பவன்’. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்தவன். பாறையில் காதை வைத்தால் அது எப்போது வெடிக்கும் என்று சொல்லிவிடுவான். ஆனால் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அவன் மூச்சில் ஒரு புள்ளி குறையும், திரும்ப ஏறாது. பங்களாவில் இருக்கிற துரைக்கு இந்த வித்தையும் கிடையாது, இளைப்பும் கிடையாது. போய்க் கேள் என்று உத்தரவு போடலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும்.