சிரிப்புக்கும் வாய்ப்பூட்டா?

இரவு உணவு முடிந்ததும் பெரம்பலூரிலும் அரியலூரிலும் வீடுதோறும் தொலைக்காட்சி ஒளிர்கிறது, சிரிப்பொலி எழுகிறது. சிரிப்பது குற்றமன்று. எதைக் கண்டு சிரிக்கிறோம் என்பதே கேள்வி!

ஆண்மகன் பெண்வேடமிட்டு நெளிந்தால் சிரிப்பு. கறுத்த மேனி கண்டால் சிரிப்பு. பருத்த உடல் கண்டால் சிரிப்பு. மறுநாள் பள்ளி முற்றத்தில் அதே சொல், கறுத்த சிறுமியின்மீது கல்லாக விழுகிறது. பிறப்பால் இழிவு கற்பித்தான் மனு. நிறத்தால் இழிவு கற்பிப்பதற்கு நகைச்சுவை என்று பெயரா?

இம்மண் அறிந்த நையாண்டி வேறு. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றில் தொடர்வண்டி கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். துணையமைச்சர் ஓ.வி. அழகேசன் பெயரோடு அரியலூரைச் சேர்த்து, ஆண்டதையும் மாண்டதையும் எதுகையாக்கித் தி.மு.கழகம் முழக்கமிட்டது. மாண்டவரை அது எள்ளவில்லை, ஆண்டவரைக் கேட்டது!

எம்.ஆர். இராதாவின் எள்ளலுக்கு அஞ்சி 1954இல் நாடகச் சட்டமே பிறந்தது. அதன் முக்கியப் பிரிவுகள் செல்லா எனச் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2013இல்!

சட்டம் வீழ்ந்தது, அச்சம் வீழ்ந்ததா? 2022 சனவரியில் ஜீ தமிழ் தொலைக்காட்சியில் இரு சிறுவர், புலிகேசி மன்னனும் அமைச்சருமாக நடித்தனர். கறுப்புப் பணத்தை ஒழிக்க நாணயத்தைச் செல்லாததாக்கிய மன்னனைக் கண்டு அவை நகைத்தது. அங்கே நகைப்புக்கு உள்ளானது நிறமன்று, செயல். அதுதான் நல்ல நையாண்டியின் இலக்கணம். ஆனால் பாரதிய சனதாக் கட்சியினர் முறையிட்டனர். ஒன்றிய அரசின் விளக்கக் கடிதம் பறந்து வந்தது. கறுத்த சிறுமி அழுதபோது வராத கடிதம், அரியணை முகம் சுளித்ததும் வந்ததேன்?

பேச்சுரிமைக்குப் பேர்போன அமெரிக்காவிலும் 2025 செப்டம்பரில் ஜிம்மி கிம்மலின் இரவு நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. மக்கள் குரல் எழுந்தது. ஒரு வாரத்துக்குள் அது திரும்பியது.

நம்மைக் குத்தும் எள்ளலுக்கும் இதே நீதிதான். 1971இல் ‘முகமது பின் துக்ளக்’ திரைப்படம் நம் இயக்கத்தாரையும் சீண்டியது. அதற்குத் தக்க விடை மறுப்புரையே, தடையன்று. பகுத்தறிவு கேலிக்கு அஞ்சாது.

தோழர்களே! எளியோரை எள்ளும் மேடைக்குக் கைதட்ட மறுப்போம். வலியோரை வினவும் சிரிப்புக்கு, அது எவர் வாயிலிருந்து வந்தாலும், அரணாக நிற்போம்!