குரங்கணிப் பாதை

போடியிலிருந்து குரங்கணி வரைதான் பஸ். அதற்கு மேல் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற சிற்றூர் வழியாக மலைமேலுள்ள டாப் ஸ்டேஷனுக்கு நடைதான். இந்த ஒற்றையடிப் பாதையை உல்லாசப் பயணிகளுக்காக யாரும் போடவில்லை. சுமை ஏறி இறங்கி உண்டான தடம் இது.

மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கயிற்றுப்பாதையில் கோட்டகுடிக்கு இறங்கியது. 1924 பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. இந்த ஒற்றையடிப் பாதை பிழைத்தது. மலைக்காரர்களின் அரிசி, பருப்பு குதிரை முதுகில் ஏறியதும் இதே வழியில்தான்.

ஏற்றத்தைப் பாருங்கள்: எங்கும் செங்குத்தாக நிற்காது, வளைந்து வளைந்து போகும். சுமையோடு வருகிறவனின் மூச்சுக்கு அளவெடுத்த வளைவுகள். திருப்பங்களில் குளம்பு பட்டுத் தேய்ந்த கல். கீழே வெயிலும் காய்ந்த புல்லும். ஏற ஏறக் காற்று குளிர்ந்து, மரநிழலில் ஏலச்செடி தென்படும்.

இந்தக் குரங்கணி மலையின் காய்ந்த புல்தான் 2018 மார்ச் 11 அன்று தீப்பற்றியது. மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வனத்துறை அனுமதியில்லாமல் ஏறாதீர்கள். கோடையில் ஏறவே வேண்டாம்.