சமச்சீர்க் குலங்களும் படிக அதிர்வுகளும்: இராமன் – பார்ன் கருத்து மோதல்

காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் கரையில் அன்னங்கள் வரிசையாக ஒரே திசையை நோக்கிச் செல்வதாகக் கொள்வோம். வரிசையை ஓர் அன்னத்தின் அளவு நகர்த்தினால் அது தன்மேலேயே பொருந்தும்; இடம் வலமாகத் திருப்பினால் பொருந்தாது, ஏனெனில் அன்னங்கள் எதிர்த்திசையைப் பார்க்கும். கோபுரக் கரையின் முக்கோணங்களோ இரண்டுக்கும் பொருந்தும். ஓர் உருவத்தைத் தன்மேலேயே பொருத்தும் இத்தகைய செயல்கள் அனைத்தும் சேர்ந்ததே அதன் சமச்சீர்க் குலம் ஆகும். கரை போன்ற பட்டை வடிவங்களுக்கு 7 வகைக் குலங்களும், சேலையின் உடல் போன்ற பரப்பு வடிவங்களுக்கு 17 வகைக் குலங்களும் மட்டுமே உண்டு. 17 வகைகளில் 5 வகைகளுக்கு 120 அல்லது 60 பாகைச் சுழற்சி தேவை. பாவும் ஊடையும் செங்கோணத்தில் குறுக்கிடும் தறியில் அவற்றைத் துல்லியமாக நெய்ய இயலாது. கண்ணுக்குப் பொருந்துமாறு நெய்யலாம், அவ்வளவே.

இயற்பியலிலும் குலத்தின் பணி பெரும்பாலும் இதுதான். எவை கூடும், எவை கூடா என்பதை அது முன்கூட்டியே கூறிவிடும். கார்பன் டைஆக்சைடு மூலக்கூறில் மூன்று அணுக்கள் ஒரே கோட்டில் உள்ளன. கார்பன் நடுவில் இருப்பதால் மூலக்கூறுக்குச் சமச்சீர் மையம் உண்டு. ஆகவே இராமன் நிறமாலையில் தோன்றும் அடிப்படை அதிர்வு அகச்சிவப்பு நிறமாலையில் தோன்றாது. அங்கே தோன்றுபவை இங்கே தோன்றா. நைட்ரஸ் ஆக்சைடிலும் மூன்று அணுக்கள் ஒரே கோட்டில்தான் உள்ளன. ஆனால் அவை நைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் என்ற வரிசையில் இருப்பதால் மையம் இல்லை. மூன்று அதிர்வுகளும் இரு நிறமாலைகளிலும் அனுமதிக்கப்படுகின்றன. அணுக்களைப் பார்க்காமலேயே அவற்றின் வரிசையை அறிய இது உதவுகிறது.

இம்முறையைப் படிகங்களுக்கு விரித்தவர்களுள் முக்கியமானவர்கள் இராமனின் மாணவர் எஸ். பகவந்தமும் டி. வெங்கடராயுடுவும். இருவரும் 1939இல் ஆய்வுக் கட்டுரையும், 1948இல் குலக் கோட்பாட்டின் இயற்பியல் பயன்பாடு பற்றிய நூலும் வெளியிட்டனர். கால்சைட்டின் அலகுக்கூட்டில் 10 அணுக்கள் உள்ளன. எனவே 30 இயக்கங்கள். கூடு முழுவதும் ஒருசேர நகரும் 3 போக, 27 அதிர்வுகள். இராமன் நிறமாலையில் எத்தனைக் கோடுகள் தோன்றலாம் என்று குலத்தைக் கேட்டால் 5 என்கிறது. ஆய்வகத்தில் காணப்படுவதும் 5. இங்கே ஒரு நிபந்தனை உண்டு: எல்லா அலகுக்கூடுகளும் ஒரே விதமாக அதிரும் நிலைக்கே இக்கணக்கு பொருந்தும். மற்ற நிலைகளில் என்ன நிகழும் என்பதில்தான் பெரும் சச்சரவு எழுந்தது.

மாக்ஸ் பார்னும் தியோடர் வான் கார்மனும் 1912இல் அமைத்த கோட்பாட்டின்படி, ஒரு கூட்டின் அதிர்வுக்கும் அடுத்த கூட்டின் அதிர்வுக்கும் இடையே உள்ள கட்ட வேறுபாடு எந்தக் கோணமாகவும் இருக்கலாம். ஆகவே அதிர்வெண்கள் தொடர்ச்சியாகப் பரவியிருக்கும். 1943இல் சி. வி. இராமன் இதை மறுத்தார். அடுத்தடுத்த கூடுகள் ஒரே கட்டத்தில் அதிரும், அல்லது நேர் எதிர்க் கட்டத்தில் அதிரும். வேறு வழி இல்லை என்றார். சேலை உடலில் உள்ள கிளிப் புட்டாக்களில் பக்கத்துக் கிளி ஒன்று அதே முகம் பார்க்க வேண்டும், இல்லையேல் எதிர்முகம் பார்க்க வேண்டும் என்று விதிப்பதைப் போன்றது இது. பார்ன் கூறியதோ, புட்டாவின் நிறம் முந்தியை நோக்கிச் சிறிது சிறிதாக வெளுத்துச் செல்வதையும் ஏற்பது.

இராமனின் விதிப்படி மூன்று திசைகளிலும் இரண்டிரண்டாக 8 கூடுகள் கொண்ட தொகுதியை எடுத்தால் போதும். வைரத்தின் கூட்டில் 2 அணுக்கள். 8 கூடுகளில் 16 அணுக்கள், 48 இயக்கங்கள். மூன்று நகர்வுகள் போக 45 அதிர்வுகள் எஞ்சும். சமச்சீரால் இவற்றுள் பல ஒரே அதிர்வெண் பெற, இறுதியில் கிடைப்பவை 8 தனித்த அதிர்வெண்கள். 1940களில் பெங்களூரில் ஆர். எஸ். கிருஷ்ணன், பாதரச விளக்கின் புறஊதாக் கோட்டைப் பயன்படுத்தி வைரத்தின் இரண்டாம் படி நிறமாலையைப் பதிவு செய்தார். அதில் கூர்மையான முகடுகள் தெரிந்தன. இராமன் இவற்றைத் தம் கோட்பாட்டுக்குச் சான்றாகக் கொண்டார். தொடர்ச்சியான பரவல் என்றால் முகடுகள் எங்கிருந்து வரும் என்பது நியாயமான கேள்விதான்.

விடை படிப்படியாக வந்தது. பார்னின் மாணவி ஹெலன் ஸ்மித் 1948இல், தொடர்ச்சியான பரவலைக் கொண்டே வைர நிறமாலையைக் கணக்கிட்டார். அதிர்வெண்கள் சில இடங்களில் நெருக்கமாகக் குவிவதால் முகடுகள் தோன்றலாம் என்பது தெரிந்தது. 1953இல் வான் ஹோவ், அத்தகைய சிறப்பு இடங்கள் படிகத்தில் இருந்தே தீர வேண்டும் என்று நிறுவினார். சமச்சீர் மிகுந்த புள்ளிகளில் அவை அமைவது வழக்கம். 1958இல் பெர்ட்ரம் பிராக்ஹவுஸும் இந்தியரான பி. கே. அய்யங்காரும், வைரத்தின் அமைப்பையே உடைய ஜெர்மானியத்தில் நியூட்ரான்களைச் சிதறச் செய்து அதிர்வெண்களை நேரடியாக அளந்தனர். இடைப்பட்ட எல்லாக் கட்ட வேறுபாடுகளுக்கும் அதிர்வுகள் இருந்தன.

இராமனைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் 1928ஆம் ஆண்டுடனும் நோபல் பரிசுடனும் நின்றுவிடுகின்றன. இச்சச்சரவைத் தொடும் சிலவும் "கடைசியில் இராமனே சரி" என்றோ "வெறும் பிடிவாதம்" என்றோ முடித்துவிடுகின்றன. இரண்டும் மாணவரைத் தவறாக வழிநடத்தும். நகர்வுக் குலம் எந்தக் கோணத்தையும் அனுமதிக்கிறது. இராமன் 0, 180 பாகைகளை மட்டும் ஏற்றார். பிழை அந்த ஓர் அடியில்தான் உள்ளது. அதன் பின் வரும் கணக்கில் பிழை இல்லை. அவர் தேர்ந்த இடங்களும் வீண் போகவில்லை.

திண்மநிலை இயற்பியல் பாடநூல்களில் வைரத்துக்கோ ஜெர்மானியத்துக்கோ வரையப்படும் அதிர்வெண் வரைபடத்தை மாணவர் எடுத்துப் பார்க்கலாம். கிடை அச்சில் காமா, எக்ஸ், எல் என்ற எழுத்துகள் குறிக்கப்பட்டிருக்கும். இராமனின் 8 அதிர்வெண்களும் அந்த எழுத்துகளுக்கு நேர் மேலே இருக்கின்றன. அவர் இல்லை என்று மறுத்தவை, எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே ஓடும் வளைகோட்டில் இருக்கின்றன.