சன்னலோரம் கிடைத்தால் போதும்

பறவை பார்க்க எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும், முதலில் கொல்லைக் கதவைத் திறங்கள் என்பேன். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருப்பது ஒரு முருங்கை, ஒரு கொய்யா, இரண்டு செம்பருத்தி, துணி காயப்போடும் கொடி. அதற்குள் எத்தனை குடித்தனங்கள்!

முருங்கை பூத்துவிட்டால் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டுகள் விடிந்ததும் வந்துவிடும். ஆண் தலையைத் திருப்பும்போது வெயில் பட்டு உச்சந்தலையில் பச்சை மின்னும், தொண்டையில் ஊதா மின்னும். ஒரு வருஷம் கொடிக்கம்பியின் ஓரத்திலேயே கூடு கட்டியது. சருகையும் பட்டைத் துணுக்கையும் சிலந்தி நூலால் ஒட்டி, வாசலுக்கு மேலே மழைக்குத் தாழ்வாரம் இறக்கியிருந்தது. உள்ளங்கையில் அடங்கும் வீட்டுக்குத் தாழ்வாரம்! கட்டியதெல்லாம் பெண்தான். குஞ்சு பொரித்தபின் ஆணும் இரை சுமந்து வந்தது. அவை பறந்து போகும்வரை எங்கள் துணியெல்லாம் மொட்டைமாடியில் காய்ந்தது.

அதே முருங்கையின் பட்டுப்போன கிளையில் செம்மார்புக் குக்குறுவான் பொந்து குடைந்திருக்கிறது. பச்சை உடம்பு, சிவப்பு நெற்றி, கண்ணைச் சுற்றி மஞ்சள். வெயில் ஏற ஏற டொங்க், டொங்க் என்று விடாமல் ஒலிக்கும் அந்தக் குரலைப் பலர் பட்டறைச் சத்தம் என்றே நினைத்திருப்பார்கள். பைனாகுலரில் பாருங்கள்: அலகு திறக்கவே திறக்காது, தொண்டை மட்டும் உப்பி அடங்கும். இதைப் பார்த்தபின் அந்தப் பட்டகிளையை வெட்ட எனக்கு மனசு வரவில்லை. பட்ட மரத்தை ஒழுங்குபடுத்துகிறேன் என்று வெட்டித் தள்ளுகிறவர்கள் ஒரு காலை அதன் அடியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கொய்யாவின் கீழே தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைப் புரட்டிக்கொண்டிருக்கும். பருந்தும் கழுகும் பார்க்கத்தான் பலரும் ஆசைப்படுகிறார்கள். எனக்குத் தவிட்டுக்குருவிதான் உசத்தி. ஒரு ஜோடியின் குஞ்சுக்குக் கூட்டமே சேர்ந்து ஊட்டும். பூனை தலை காட்டினால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கத்தும். மணிக்கணக்காகப் பார்த்தாலும் அலுக்காது.

ஐப்பசி பிறந்தால் வெளியூர் விருந்தாளிகள் வரத் தொடங்குவார்கள். இமயமலை அடிவாரத்திலிருந்து ஆறுமணிக்குருவி வரும். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று அத்தனை வண்ணத்தையும் வைத்துக்கொண்டு வேலியோரச் சருகுக்குள் ஒதுங்கித் தத்தித் தத்தி நடக்கும். விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை அடித்துத் தான் இருப்பதைச் சொல்லும். செம்பருத்திக்குள் 'செக், செக்' என்று ஓயாமல் கேட்கிறதே, அது பிளைத் நாணல் கதிர்க்குருவி. ஐரோப்பாவின் கிழக்கிலோ ரஷ்யாவிலோ பிறந்தது. எடை பன்னிரண்டு கிராம் இருந்தால் அதிகம். அது எங்கள் வீட்டுச் செடியைத் தேடி வந்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

வீட்டுப் பறவைகளை இப்படிப் பழகி வைத்துக்கொண்டால் பயணத்தின் சுவையே வேறு. நான் சென்னைக்குப் பகல் ரயிலில்தான் போவேன், சன்னலோரம் கிடைத்தால் போதும். தந்திக் கம்பியில் இரட்டைவால் கரிச்சான், பஞ்சுருட்டான், மின்கம்ப உச்சியில் கருந்தோள் பருந்து. பனங்காடை உட்கார்ந்திருக்கையில் மங்கலாகத்தான் தெரியும். ரயில் சத்தத்துக்கு அது சிறகை விரிக்க வேண்டும்! அந்த நீலம் விரிந்து மடங்க ஒரு நொடி. அதற்குள் நான் 'அதோ' என்று கூவி, எதிர் இருக்கைக்காரரும் எட்டிப் பார்த்திருப்பார். செங்கல்பட்டில் தண்டவாளத்தை ஒட்டிக் கொளவாய் ஏரி. கூழைக்கடா மிதக்கிறதா என்று கழுத்தை நீட்டாமல் அந்த இடத்தை நான் கடந்ததே இல்லை.

செங்கல்பட்டுக்குத் தெற்கே வேடந்தாங்கல். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா எல்லாம் ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் மாடி மாடியாகக் குடியிருக்கும். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த ஊருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் ஏரியைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது 1936இல்தான். அந்தக் கரையில் நடக்கும்போது பறவைகளுக்கு ஒரு கும்பிடு, ஊருக்கு ஒரு கும்பிடு போடாமல் இருக்க முடியாது.

எங்களுக்குப் பக்கத்தில் கூந்தன்குளம். குளத்தில் வரித்தலை வாத்துகள், இமயத்தைத் தாண்டிப் பறந்து வந்தவை. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடு. ஆனால் குளத்தைவிட ஊருக்குள்தான் என் கண் போகும். வேப்பமரத்திலும் புளியமரத்திலும் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு வைத்திருக்க, கீழே ஓட்டு வீடும் திண்ணையும் முற்றத்துக் கோலமும். எச்சத்தின் நெடி மூக்கைத் துளைக்கும். “எப்படி ஆச்சி இதுக்குள்ள இருக்கிய?” என்று ஒரு பாட்டியிடம் கேட்டேன். “பிரசவத்துக்கு வந்த பிள்ளைய வாடை அடிக்குன்னு வெளிய போகச் சொல்லுவாவளாய்யா?” என்றார். அன்றைக்குக் கண்ட அத்தனை பறவையையும்விட அந்தப் பதில்தான் எனக்குப் பெரிய காட்சி.

வால்பாறைக்குப் போகிறவர்கள் தேயிலைச் சரிவில் புகைப்படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அண்ணாந்து பாருங்கள்! முதலில் காற்றை அறுக்கும் சிறகுச் சத்தம் வரும், பிறகுதான் மலை இருவாய்ச்சி கண்ணில் படும். மஞ்சள் அலகு, அதன்மேல் மஞ்சள் தொப்பி, கறுப்பு வெள்ளைச் சிறகு. பெண் மரப்பொந்துக்குள் நுழைந்து, ஒரு கீறல் மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். வாரக்கணக்காக அத்திப்பழம் சுமந்து வந்து அந்தக் கீறல் வழியே ஊட்டுவது ஆண். தோட்டத்து மரமொன்றில் பழம் தின்ற ஒரு ஜோடியைப் பார்த்துக்கொண்டே நின்றதில் மதியச் சாப்பாடு மறந்து போனது.

இதற்கெல்லாம் பெரிய செலவு வேண்டாம். 8x42 பைனாகுலர் ஒன்று, ஒரு நோட்டு. நான் சொல்வேன், முதல் வருஷம் கேமராவைத் தொடாதீர்கள். படம் பிடிக்கும் அவசரத்தில் பறவை என்ன செய்கிறது என்பது கண்ணிலிருந்து நழுவிவிடும். பார்த்ததை இபேர்ட் தளத்தில் பதிந்துவைத்தால் ஆராய்கிறவர்களுக்கும் உதவும்.

பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு ஒரே இடத்தில் பதினைந்து நிமிஷம் ஒதுக்கினாலே போதும். எங்கள் தெருப் பிள்ளைகள் எங்கள் மொட்டைமாடியில் கூடிவிடுவார்கள். இருக்கும் பைனாகுலரில் முறை வைத்துப் பார்ப்பார்கள், கையில் கிடைக்காதவர்கள் எண்ணிச் சொல்வார்கள். போன முறை, பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட ஒன்று கொய்யாவில் வந்து உட்கார்ந்தது. “பருந்துக் குஞ்சு” என்றான் ஒருவன். “கண்ணு சிவப்பா இருக்கு பாரு, அது பொம்பளைக் குயில், குயில்னே எழுது” என்று மூன்றாம் வகுப்புக்காரி அடித்துச் சொன்னாள். நோட்டில் குயிலின் எண்ணிக்கை இரண்டாக ஏறியது.