இரண்டு தோலும் ஒரு மரமும்

கண்டி மேளத்தை உலக மேடையில் ஏற்றியவர் என்று செலோக் கலைஞர் ரோஹன் டி சேரத்தைப் புகழ்வது வழக்கமாகிவிட்டது. 2024இல் அவர் மறைந்த பின் அந்தப் புகழ் இன்னும் உரத்துக் கேட்கிறது. சாட்சிக்கு அழைக்கப்படுவது இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சியானோ பேரியோ, கண்டி மேளத்தின் தாளங்களை எடுத்து அவருக்காகவே 2002இல் எழுதிய 'செக்குவென்சா 14' என்ற செலோத் துண்டு.

வாசிப்பில் அவர் பெரியவர். சிறு வயதிலேயே காஸ்பார் கசாடோவிடம் பாடம், பிறகு கசால்ஸிடம். 2005 வரை அர்டிட்டி நால்வர் குழு. பலர் தொடத் தயங்கிய, இசையமைப்பாளர் செனாக்கிஸின் படைப்புகள். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியில் ஆசிரியப் பணி. மேளத்தையும் முறையாகப் பயின்றவர். தேசமான்ய விருது தகுதிக்குத்தான் வந்தது.

என் வழக்கு அந்தத் துண்டின் மீது. வில்லை விட்டுவிட்டு வலக்கை செலோவின் உடலைத் தட்டுகிறது, இடக்கை விரல்கள் தந்திகள் மேல் தாளமிடுகின்றன. கேட்கச் சுவைதான். ஆனால் கண்டி மேளத்துக்கு இரண்டு முகம், இரண்டு வகைத் தோல். தத், ஜித், தொங், நங் என்ற நான்கு சொற்களும் அந்த வேறுபாட்டில்தான் பிறக்கின்றன. கண்டியை அடுத்த கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்துக்கு முன் தப்பைத் தீயில் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்குத் தோலைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. மரத்தில் தட்டும்போது கணக்கு மிஞ்சுகிறது, சொல் போய்விடுகிறது. மேளத்துக்கு ஆடும் கண்டி நடன வெஸ் ஆட்டக்காரனின் காலும் கூடவே போய்விடுகிறது. அந்தக் கால் இல்லாமல் மேளக்காரர் யாருக்கு வாசிப்பார்?

இசையமைப்பாளன் எங்கிருந்தும் எடுக்கலாம் என்பார்கள். எடுக்கட்டும். இதே பேரியோ 1985இல் 'நாட்டுராலே' எழுதியபோது சிசிலியின் தெருப்பாடகர் பெப்பினோ செலானோவின் குரலை ஒலிப்பதிவாகவே உள்ளே வைத்தார். வியோலா அந்தக் குரலுக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறது. சிசிலிக்காரனுக்குக் குரலும் பெயரும் கிடைத்தன. தலைமுறை தலைமுறையாக மேளம் காத்த பெரவா சமூகத்துக்குக் கிடைத்தது, இன்னொருவர் கைவழியே வடிந்த தாளக்கணக்கு. அதைச் சுமந்து போனவர் அதே மேளத்தை மேடையில் வாசிக்கத் தெரிந்தவர் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. பேரியோவுக்குத் தெரியாததை டி சேரம் அறிந்திருந்தார்.

கலஹாச் சந்தியில் இறங்கினால் பேராதனைப் பல்கலைக்கழகம். அங்கே டி சேரம் நினைவாக 'செக்குவென்சா 14'ஐ யாராவது வாசிப்பதானால், முதலில் ஒரு மேளக்காரரை முழு நேரம் வாசிக்கவிட்டு, அவர் பெயரைப் பேரியோவின் பெயருக்கு மேலே அச்சிடட்டும்.